நல்லாந்தரவையில் விழுந்த நிழல்

நல்லாந்தரவையில் மரம் கிடையாது. வேம்பு வைத்தார்கள், பூவரசு வைத்தார்கள், பள்ளிக்கூடம் திறந்த அன்று வெளியூரிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் ஒரு புங்கங்கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாம் ஒரு இலை விட்டு, அடுத்த இலைக்கு யோசித்து, யோசனையிலேயே காய்ந்து, யாருடைய அடுப்புக்கோ போயின. தோண்டினால் உப்பு, காற்றில் உப்பு, துவைத்துக் காயப்போட்ட சேலையில் உப்பு என்றிருந்த அந்த ஊருக்குக் கிழக்கே கடலும் மற்ற பக்கமெல்லாம் கண்ணாடிச் சில்லுகளாகக் கிடக்கும் உப்புப் பாத்திகளும் இருந்ததால், வெயில் மேலேயிருந்து ஒரு தடவையும் கீழேயிருந்து ஒரு தடவையும் அடித்தது. உப்பளத்தில் உப்பு வாரும் பெண்கள் நிழலைப் பற்றிப் பேசுவது, தூரத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிப் பேசுவதுபோல எப்போதாவதுதான். பேசிவிட்டு வாருபலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிடுவார்கள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி சண்முகக்கனி. அவள் புருஷன் சுயம்பு உப்பு லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் மலையாளத்துச் சாலைகளில் கிடப்பான். மகள் இசக்கிவடிவு ஐந்தாம் வகுப்பு படித்தாள். பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றும் வேலை நடந்ததால் பிள்ளைகளைக் காலையோடு விட்டுவிட, வீட்டில் ஆளில்லாத வடிவு பையைத் தோளில் போட்டபடியே அளத்துக்கு வந்து, அம்மா வேலை முடிக்கும்வரை வரப்பில் உட்கார்ந்திருப்பாள்.

பங்குனி பிறந்த சமயம், அப்படி வந்துகொண்டிருந்த ஒரு நாளில்தான் அவள் கழுதையைப் பார்த்தாள். செங்கல் சூளையில் சுமந்து சுமந்து முதுகு புண்ணாகி, இனி உதவாது என்று யாரோ அவிழ்த்துவிட்ட கிழட்டுக் கழுதை அது. தண்ணீர் என்று நினைத்து உப்புநீரைக் குடித்துவிட்டு, இரண்டு பாத்திகளுக்கு நடுவே பெரிய வரப்பில் விழுந்து கிடந்தது. கண் திறந்திருந்தது, கண்ணில் ஈ மொய்த்தது, ஈயை ஓட்டக் காதை அசைக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. வடிவு அம்மாவின் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"ஏட்டி, குடிக்கத் தண்ணி அம்புட்டுதான் இருக்கு" என்றாள் சண்முகக்கனி, பாத்திக்குள் நின்றபடி.

"என் பங்கைத்தாம்மா கொடுக்கேன்."

கழுதை நக்கிக் குடித்தது. ஆனால் வெயில் அதன் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அவளால் அதைத் தூக்க முடியாது, இழுக்க முடியாது, தூக்கினாலும் கொண்டுபோய் வைக்க ஒரு நிழல் அந்த ஊரில் இல்லை. அதனால் அவள் சூரியனுக்கும் கழுதைக்கும் நடுவில் நின்றுகொண்டாள். அவள் நிழல் கழுதையின் கண்ணை மூடியது. சூரியன் ஏற ஏற நிழல் சுருங்க, அவள் இன்னும் நெருங்கி நின்றாள்; மேலும் சுருங்க, பாவாடையை விரித்துப் பிடித்தாள். சூரியன் நடு உச்சிக்கு வந்து, உலகத்திலுள்ள எல்லோருடைய நிழலும் அவரவர் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும் நேரம் வந்தபோது, வடிவு கீழே குனிந்து தன் நிழலைப் பார்த்து, "போவாத, இரு" என்றாள்.

நிழல் போகவில்லை. மடை திறந்து பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது எப்படி மெதுவாகப் பரவுமோ அப்படி அது பரவியது. கழுதையின் கண்ணிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து புண்பட்ட முதுகுக்கும், முதுகிலிருந்து நீட்டிக் கிடந்த நாலு காலுக்கும் போய், பரவியதுதான் பரவினோமே என்று வரப்பின் இரண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் போய் நின்றது.

அதை முதலில் பார்த்தவள் ஞானசெல்வம். அளத்தில் எல்லோருக்கும் மூத்தவள், உப்பு அரித்து அரித்துப் பாதம் இரண்டும் வெடித்துப்போனவள். அவள் வாருபலகையை வைத்துவிட்டு வந்து, நிழலுக்குள் ஒரு காலை வைத்துப் பார்த்தாள், மற்றக் காலையும் வைத்தாள், அப்புறம் திரும்பி மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "இம்புட்டு எடம் சும்மா கெடக்கு. கஞ்சிய இங்க கொண்டாங்க."

அன்று மத்தியானம் நல்லாந்தரவை அளத்துப் பெண்கள் முதல்முறையாக வியர்வை விழாத கஞ்சியைக் குடித்தார்கள். குடித்துவிட்டு, இது எந்த மரத்து நிழல் என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி புளி என்றாள். புளிய நிழல் கனக்கும், இது கனக்கவில்லை, இது வேம்பு என்றாள் இன்னொருத்தி. பூவரசு என்று ஞானசெல்வம் தீர்மானமாகச் சொன்னதும் பேச்சு முடிந்தது. சண்முகக்கனி மட்டும் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"கனக்குதா மக்ளே?"

"ஈரத் துணிய இழுத்துட்டு நடக்க மாதிரி இருக்கு. கனம்னு சொல்ல முடியாது."

"சரி. உச்சியில துண்டப் போட்டுக்க."

கழுதை மறுநாள் தலையைத் தூக்கியது, அதற்கடுத்து எழுந்து நின்றது, புண்ணில் வேப்பெண்ணெய் ஏற ஏற உடம்பு தேறி, வடிவு போகும் இடமெல்லாம் பின்னால் கைகட்டி வரும் மாமனைப்போலத் தானும் போயிற்று. அதற்குள் வேறு சீவன்கள் வந்துவிட்டன. உப்புநீரில் பாதம் அரித்துப்போன நாய்க்குட்டி ஒன்று வந்தது. வால் எதிலோ மாட்டி நசுங்கிய கீரி வந்தது. கண்ணில் சுண்ணாம்பு பட்ட பூனை, வலை அறுத்த சிறகோடு ஒரு கடல் ஆலா. சில தாமாக வந்தன, பலவற்றை வடிவு போய்த் தூக்கி வந்தாள். ஒவ்வொன்று வரும்போதும் நிழல் அதற்குத் தேவையான அளவும் அதற்குமேல் ஒரு ஆள் உட்காரும் அளவும் விரிந்துகொடுத்தது.

ஊர் இதைத் தன் வழக்கத்தில் சேர்த்துக்கொண்டது. நிழல் விழுந்த பாத்தியில் உப்பு விளையவில்லை என்று அளத்துக் கணக்கப்பிள்ளை சவரிராஜன் முதல் நாளே கண்டுபிடித்து, பாத்தியில் விழாமல் நாலு வரப்பு கூடும் மேட்டில் விழட்டும் என்று உத்தரவு போட்டார். உத்தரவு போட்ட கையோடு தன் பிளாஸ்டிக் நாற்காலியை அந்த மேட்டின் ஓரத்துக்கு நகர்த்தி, இரண்டு கால் வெயிலிலும் இரண்டு கால் நிழலிலுமாகப் போட்டு, தான் நிழலில் உட்காரவில்லை என்று யார் கேட்டாலும் சொல்லிக்கொள்ள வசதியாக உட்கார்ந்தார். அம்மன் கோயில் பூசாரி அந்த இடத்தில் ஒரு சூலம் நடலாமென்று வந்தார், மாதா கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஒரு சிலுவை நடலாமென்று வந்தார், இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, அரைத் தூக்கம் தூங்கி எழுந்து, சூலமும் சிலுவையும் வடிவு வளர்க்கும் பிராணிகளின் காலில் குத்திவிடும் என்று ஒருமனதாக முடிவுசெய்து திரும்பிப் போனார்கள். பஞ்சாயத்து உறுப்பினர் நிழலின் ஓரத்தில் தன் பெயரை எழுத ஆள் அனுப்பினார். பெயிண்ட் மண்ணில் பிடித்தது, நிழலில் பிடிக்கவில்லை. நன்னாரி சர்பத்துக்காரர் சைக்கிளை அங்கே நிறுத்தப் பழகினார். மினி பஸ் டிரைவர், வடிவு சாலையோரம் வந்து நிற்கிற நேரமாகப் பார்த்து, அவள் நிற்கும் இடமே நிறுத்தம் என்று வைத்துக்கொண்டார். கைப்பிள்ளைக்காரிகள் மூங்கில் கம்பு நட்டுத் தொட்டில் கட்டினார்கள். காக்கைகள் வந்து அண்ணாந்து கிளையைத் தேடி, கிளை இல்லாததால் தரையிலேயே உட்கார்ந்துகொண்டன.

எல்லோரையும்விட அந்த நிழல் தேவைப்பட்டவள் சண்முகக்கனிதான். அவளுக்கு வெகு நாளாக நீர்க்கடுப்பு இருந்தது. ஒதுங்க மறைவில்லாததால் அளத்துப் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், குறைக்கக் குறைக்க வெயில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆஸ்பத்திரியில் வெயிலில் நிற்காதீர்கள் என்று சொன்னதை அவள் வீட்டுக்கு வந்து சுயம்பிடம் சொல்லிச் சிரித்தாள். போன வருடக் கத்திரியில் பாத்திக்குள்ளேயே மயங்கி விழுந்து, நெற்றியில் உப்பு கீறிய தழும்பு இன்னும் இருந்தது. இந்த வருடம் நிழலில் உட்கார்ந்து எழுந்த பிறகு அவள் முகத்துக்கு நிறம் திரும்பியது. தொட்டில் கட்டிய கம்புகளில் பழைய சேலையைச் சுற்றி மறைவு கட்டியதால் பெண்கள் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கவும் பழகினார்கள்.

பூநாரை வந்தது அப்போதுதான். கழிமுகத்தில் கூட்டம் கூட்டமாக ரோஜா நிறத்தில் நிற்கும் பறவைகளில் ஒன்று, நைலான் வலைத்துண்டு இரண்டு காலிலும் ஒரு சிறகிலும் சுற்றிக்கொள்ள, சேற்றில் அடித்துக்கொண்டு கிடப்பதாக மீன் வாங்கப் போனவர்கள் சொன்னார்கள். வடிவு முழங்கால் சேற்றில் இறங்கிப் போனாள். நின்றால் அவள் உயரம் இருக்கும் பறவை. அவள் கையைக் கொத்தி, மார்பில் அடித்து, முகத்தில் சேற்றை வாரிப் பூசியது. அவள் அதன் கண்ணைத் தன் பாவாடை நுனியால் மூடி, கால்களை மடக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு கரையேறி வந்தபோது, சேறு எது பிள்ளை எது என்று தெரியவில்லை. ஞானசெல்வம் பிளேடு வைத்து நைலானை ஒவ்வொரு இழையாக அறுத்தாள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவை மினி பஸ் டிரைவர் போய்க் கூட்டிவந்தார். அவர் சிறகைத் தொட்டுப் பார்த்து, எலும்பு உடையவில்லை, தசைதான் கிழிந்திருக்கிறது என்று சொல்லி, துணி வைத்துக் கட்டினார். தலைக்கு மேலே ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் வடிவிடம் கேட்டார்: "இது தலைகீழா அலகை வச்சு தண்ணிக்குள்ள அரிச்சுத்தான் திங்கும். அதுக்கு யாரு ஊட்டுவா?"

"நான் ஊட்டுவேன் டாக்டரம்மா. கூனி எறாலைக் கரைச்சு வாளியில வைக்கேன்."

"சிறகு ஆறுனதும் கட்டை அவுத்துரணும். ஓட விடணும். பறக்கும்போது பிடிச்சு வைக்கக் கூடாது."

"நான் எதுக்குப் புடிச்சு வைக்கேன்" என்றாள் வடிவு.

பூநாரையோடு நிழல் இதுவரை இல்லாத அளவுக்கு விரிந்தது. பக்கத்து அளத்து ஆட்களும் வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகும் இடம் இருந்தது.

நிழலின் குணத்தை ஊர் புரிந்துகொண்டது நாய்க்குட்டி போன அன்றைக்கு. பாதம் ஆறிப்போன குட்டி, தாய் வந்து கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஞானசெல்வத்தின் முழங்காலில் வெயில் ஏறியது. அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "நாய்க்குச் சொகமாயிட்டு போல" என்றாள். அதற்குப் பின் ஆட்கள் விசாரிக்கிற விதம் மாறிப்போயிற்று. கீரிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள், வால் ஆறிவிட்டது என்று வடிவு சொன்னால், "மெதுவா ஆறட்டும் பாப்பா, என்ன அவசரம்" என்பார்கள். கீரி போனது. பூனை போனது. ஆலா கடலுக்குப் போனது. ஒவ்வொருவராக உள்ளே தள்ளி உட்கார்ந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் உப்பு மூட்டை ஏற்றும் லிங்கதுரை ஒரு வெள்ளாட்டுக் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். முன்னங்கால் முறிந்து தொங்கியது.

"கல்லுலயிருந்து விழுந்துட்டு" என்றான். அளத்தைச் சுற்றி ஆடு ஏறி விழும் உயரத்துக்கு ஒரு கல் கிடையாது.

வடிவு குட்டியின் காலைப் பார்த்தாள், லிங்கதுரையின் கையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் பனைமட்டைக் கீற்றை வைத்துக் கட்டுப்போட்டாள். ஆட்டுக்கு உண்டான நிழல், எந்த ஆட்டுக்கும் விரிந்திருக்கக்கூடிய மாதிரியே, நியாயமாக விரிந்தது. ஆனால் லிங்கதுரை கஞ்சித் தூக்கைத் திறந்து அதில் உட்கார்ந்தபோது, அவன் தலைக்கு மட்டும் வெயில் அடித்தது. தட்டு அளவு வெயில், வட்டமாக. நகர்ந்து உட்கார்ந்தான், கூடவே நகர்ந்தது. நட்ட நடுவில் போய் உட்கார்ந்தான், அங்கேயும் வந்தது. மற்றவர்கள் தங்கள் தங்கள் கஞ்சியைப் பார்த்துக் குடித்தார்கள். லிங்கதுரை அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்து, கை கழுவி, குட்டியின் பக்கத்தில் போய் நெடுநேரம் குத்தவைத்திருந்தான். மறுநாளிலிருந்து அவனே இரண்டு குடம் நல்ல தண்ணீர் சுமந்து வந்து பிராணிகளுக்கு ஊற்றினான், கூனி இறால் வாங்கி வந்தான், குட்டியைப் பக்கத்து ஊர்வரை தூக்கிப்போய் இலை தின்னவைத்துக் கொண்டுவந்தான். வெயில் வட்டம் தட்டளவிலிருந்து குறைந்து குறைந்து பொட்டளவாகி, குட்டி நாலு காலில் துள்ளிய அன்று காணாமல் போனது.

இப்படியாக, சுகமாகாமல் மிஞ்சியது பூநாரை மட்டும். மிஞ்சிய நிழல் எல்லாம் அதனுடையதுதான். சித்திரை பாதி தாண்டி கத்திரி தொடங்கிய நாளில், பூநாரை கட்டு இல்லாத இரண்டு சிறகையும் விரித்து, உள்ளே இருந்த சிவப்பை எல்லோருக்கும் காட்டி, பாத்தியின் தண்ணீர்மேல் கொஞ்ச தூரம் ஓடித் திரும்பி வந்தது. கழிமுகத்தில் அதன் கூட்டம் கிளம்ப ஆரம்பித்திருந்தது. வடக்கே போகும் வரிசைகள் அளத்துக்கு மேலே கத்திக்கொண்டே போயின, அது ஒவ்வொரு வரிசைக்கும் கழுத்தைத் திருப்பிப் பதில் சொன்னது.

மத்தியானக் கஞ்சி நேரத்தில் சவரிராஜன் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு, வடிவைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கத்திரி வெயிலில் ஆட்கள் விழுவதைத் தூக்கிப் பழகியவர்.

"பாப்பா, நான் சொல்லுதத கேளு. கத்திரி கழியட்டும். அதுவரைக்கும் இந்தப் பறவை இங்க நிக்கட்டும். சாப்பாடு நான் பொறுப்பு. றெக்கையில நுனியக் கொஞ்சம் கத்தரிச்சு விட்டா அதுக்கு வலிக்கவும் செய்யாது. மறுபடி மொளைச்சிரும்."

"கூட்டம் போயிருமே."

"அடுத்த வருசம் வரும்ல. அப்ப சேந்துக்கிடட்டும்."

"அதுவரைக்கும் அது ஒத்தையில நிக்கணுமா?"

"ஒத்தையில எங்க? நாங்க இத்தன பேரு இருக்கோம்."

சுற்றியிருந்தவர்களில் சிலர் தலையாட்டினார்கள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தி, வடிவின் முகத்தைப் பார்த்தாள். "ஒங்க அம்மைக்காவது யோசிச்சுப் பாரு பாப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோருடைய மனதிலும் இருந்தது அதுதான்.

வடிவு அம்மாவைப் பார்த்தாள். நெற்றித் தழும்பைப் பார்த்தாள். பூநாரை அவள் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுக்குச் சொகமாயிட்டு" என்றாள் வடிவு. "சொகமானதை நான் எப்படி வச்சிருக்க?"

சண்முகக்கனி உட்கார்ந்திருந்த சாக்கை உதறி, நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்தாள், தூக்குச்சட்டியை மூடினாள், எழுந்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, நிழலைத் தாண்டி வெயிலுக்குள் போய், மகளைப் பார்க்கத் திரும்பி நின்றாள். அவள் அப்படி நின்ற விதத்தில் கோபமும் இல்லை, தியாகமும் இல்லை. கோயில் கொடை விழாவில் தன் வீட்டுப் பிள்ளை கும்பம் எடுத்து வரும்போது வழி விட்டு ஒதுங்கி நிற்கிற பெண் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள்.

ஞானசெல்வம் அவளைப் பார்த்தாள், தன் வெடித்த காலை ஊன்றி எழுந்தாள், அவளும் வெயிலுக்குள் போனாள். தொட்டிலில் இருந்த பிள்ளையைத் தூக்கித் துணியால் போர்த்திக்கொண்டு தாய் போனாள். லிங்கதுரை போனான். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எழுந்து, சாக்கை உதறி, தூக்கை மூடி, வெளியே போய் நின்றார்கள். அத்தனை பெரிய நிழலில் சவரிராஜன் மட்டும் நாற்காலியில் இருந்தார். கொஞ்ச நேரம் இருந்து பார்த்தார். பிறகு அவரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தார்.

வடிவு பூநாரையின் முதுகைத் தொட்டாள். "போ" என்றாள்.

அது பாத்திக்குள் இறங்கி ஓடியது. நீண்ட கால்கள் உப்புநீரை மிதிக்க மிதிக்க வெள்ளைத் திவலை எழும்பியது. ஒரு பாத்தி முழுக்க ஓடி, வரப்பைத் தாண்டி, அடுத்த பாத்தியில் பாதி ஓடி, அப்புறம் கால்கள் தண்ணீரைத் தொடவில்லை. அது ஏறியது. அது ஏறிய அதே நேரம், மேட்டில் கிடந்த நிழல் விளிம்பில் அசைந்து, பாயைச் சுருட்டாமல் அப்படியே இழுத்துக்கொண்டு போவதைப்போல வரப்பைவிட்டு நழுவி, பாத்திகளின் மேலும் உப்பு அம்பாரங்களின் மேலும் வளைந்து ஏறி இறங்கி, பறவையின் பின்னாலேயே ஓடி, கழிமுகத்தைக் கடந்து, கடலுக்குள் போனது. வடிவின் காலடியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு உண்டான நிழல் மட்டும் மிஞ்சியது. நடுக்கடலில் வலை வைத்திருந்தவர்கள், உச்சி வெயிலில் ஒரு பூநாரைக் கூட்டம் போனதென்றும், கூட்டத்தைவிடப் பெரிய நிழல் அதற்குக் கீழே தண்ணீர்மேல் போனதென்றும், அது கடந்த நேரம் படகில் கிடந்த ஐஸ்கூட உருகாமல் இருந்ததென்றும் பிறகு வந்து சொன்னார்கள். எங்கள் பிள்ளையுடையதுதான் என்று நல்லாந்தரவைக்காரர்கள் பதில் சொன்னார்கள்.

பறவை கண்ணுக்கு மறைந்ததும் சவரிராஜன் தொண்டையைச் செருமி, "சரி, வேலையப் பாருங்க" என்றார். யாரும் பாத்திக்குள் இறங்கவில்லை. சண்முகக்கனி வாருபலகையைக் கையில் எடுத்தாள், பார்த்தாள், வரப்பில் குறுக்காக வைத்தாள்.

"அண்ணாச்சி, எங்களுக்கு நெழலு வேணும்" என்றாள்.

"அதத்தான் ஒம் மவ பறக்க விட்டுட்டாளே."

"அது அந்தப் பறவைக்கு வந்தது. எங்களுக்குண்டானத நாங்க முதலாளிகிட்ட கேக்கோம். கூரை போட்டு, தட்டி மறைச்சு, குடிக்க நல்ல தண்ணியும் ஒதுங்க ஒரு மறைவும் வேணும். வர்ற வரைக்கும் நாங்க இங்கனயே ஒக்காந்திருக்கோம்."

ஞானசெல்வம் தன் பலகையை அதன் பக்கத்தில் வைத்தாள். பலகைக்குப் பக்கத்தில் பலகையாக வரப்பு நெடுக வரிசை நீண்டது. கத்திரி வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்து அளத்துக்காரிகளும் தங்கள் பலகைகளோடு வந்தார்கள். பாத்திகளில் உப்பு வார ஆளில்லாமல் கெட்டிப்பட்டது. வடிவு வாளியில் தண்ணீர் எடுத்து வந்து ஒவ்வொருவருக்கும் ஊற்றினாள், பின்னாலேயே கழுதையும் நடந்தது. கடைசியில் முதலாளியே காரில் வந்து இறங்கினார். கூலிங் கிளாஸைக் கழற்றினார், கண் கூசியது, மறுபடி போட்டுக்கொண்டார்.

"எங்க தாத்தா காலத்துலயிருந்து அளம் நடக்கு" என்றார். "இத்தன வருசமா யாரும் நெழலு கேட்டதில்லையேம்மா."

"இத்தன வருசமா நாங்க நெழல்ல ஒக்காந்ததில்லையே, அண்ணாச்சி" என்றாள் சண்முகக்கனி.

முதலாளி அவளைப் பார்த்தார், வரிசையாகக் கிடந்த பலகைகளைப் பார்த்தார். சவரிராஜன் அவர் காதருகே போய், தானும் அந்த நிழலில் உட்கார்ந்திருந்ததாகவும், உட்கார்ந்தவர்கள் எழுந்துபோய் முன்னைவிட அதிகம் உப்பு வாரியதைக் கண்ணால் கண்டதாகவும் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு என்ன தைரியம் வந்தது என்று ஊர் வெகு நாள் பேசியது. வாரம் முடிவதற்குள் பனையோலை வந்து இறங்கியது. நாலு வரப்பு கூடும் மேட்டில் கூரை ஏறியது, அப்புறம் தெற்கே ஒன்று, கழிமுகத்துப் பக்கம் ஒன்று. மேட்டுக் கூரை வேய்ந்து முடித்த அன்று, யாரும் யாரிடமும் கேட்காமல் அதில் ஒரு மூலையை வைக்கோல் பரப்பிப் பிராணிகளுக்கு என்று ஒதுக்கினார்கள்.

வடிவின் நிழல் அதற்குப் பிறகு விரியவில்லை. வந்ததைப் போலவே அது போனதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. பள்ளிக்கூடம் புது ஓட்டோடு திறந்தது, அவள் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்கு மினி பஸ்ஸில் போனாள், வரும்போது மடியில் எதையாவது தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உப்பு லாரி அடித்துவிட்டுப் போன நாய் ஒன்று தார்ச்சாலையோரம் கிடந்தது. கூரைகளுக்கு வெகு தூரம். இடுப்பு நசுங்கியிருந்ததால் தூக்கினால் தாங்காது. வடிவு பக்கத்தில் மண்டியிட்டு, கட்டுத்துணியைக் கிழித்துக்கொண்டே, பழக்கத்தில் தன் நிழலைத் திரும்பிப் பார்த்தாள். அது காலுக்கடியில் சிறியதாக ஒடுங்கிக் கிடந்தது. அவள் அதனிடம் ஒன்றும் சொல்லாமல் வேலையைத் தொடர்ந்தாள்.

கூரைக்கடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த சண்முகக்கனி அதைப் பார்த்தாள். தூக்கை மூடிவிட்டு வரப்போடு நடந்து வந்து, மகளுக்கு முதுகுப்பக்கம் வெயிலை மறித்து நின்றாள். அவள் பின்னால் ஞானசெல்வம் வந்து நின்றாள். லிங்கதுரை வந்து மறுபக்கம் நின்று துண்டை விரித்துப் பிடித்தான். பாத்திகளிலிருந்து ஒவ்வொருவராக ஏறி வந்து, தோளோடு தோள் ஒட்டி, முந்தானைகளை நீட்டிப் பிடித்து நின்றார்கள். சவரிராஜன் குடையை விரித்துக்கொண்டு வந்து மிச்சமிருந்த இடைவெளியில் நின்றார். நாய் கண்ணைத் திறந்தது. வடிவின் கைகள் அவசரமில்லாமல் துணியைச் சுற்றின.

அந்த வழியாக வந்த லாரி ஒன்று வேகம் குறைத்தது. கிளீனர் தலையை வெளியே நீட்டி, "என்ன பெரியம்மா, கூட்டம்?" என்று கேட்டான்.

சண்முகக்கனி திரும்பவில்லை. முதுகை இன்னும் நிமிர்த்தி, முந்தானையை இன்னும் அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எம் மவ வைத்தியம் பாக்கா. ஆரன் அடிக்காமப் போ."